ரோமத்தோல் விரிப்பு: நனைக்கும் முன் திருப்பிப் பாருங்கள்



ஆட்டுக்குத் தீவனம், குடற்புழு மருந்து, கொட்டகை அமைப்பு என்று எத்தனையோ விஷயங்களைப் பேசுகிறோம். ஆட்டுத் தோலைப் பற்றி மட்டும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதிலும் கட்டிலிலே விரிக்கிற, நாற்காலியிலே போட்டு உட்காருகிற ரோமத்தோலைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. ரோமத்தோல் என்று நான் சொல்வது, ரோமத்தை நீக்காமல் அப்படியே பதனிட்ட செம்மறியாட்டுத் தோலை. மேலே கம்பளி ரோமம், அடியிலே தோல்.

நம் சமவெளி ஆடுகளில் பலவற்றுக்குக் கம்பளி ரோமம் கிடையாது. மேச்சேரி ஆட்டின் தோலுக்கு நல்ல மவுசு உண்டு என்றாலும் அது ரோமம் நீக்கிப் பதனிடப்படுகிற தோல். கம்பளி ரோமம் என்று பார்த்தால் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கருப்பு ஆகியவற்றைச் சொல்லலாம். நீலகிரி ஆடு, 19-ம் நூற்றாண்டில் நம் நாட்டு ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் போன்ற சீமை ஆடுகளைக் கலந்து உருவான இனம். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சிப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட ஆடுகளின் ரோமம் மென்மையானது, அடர்த்தியானது. அதனாலேயே தூசியையும் வியர்வையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மலைப்பகுதியில் குளிருக்காகச் சிலர் ரோமத்தோல் வைத்திருக்கிறார்கள். காஷ்மீர் போனவர்கள் வாங்கி வருகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் பெற்றோருக்கென்று கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒன்றிரண்டு வருஷம் நன்றாக இருக்கும். பிறகு அழுக்கேறும், வாடை வரும். துவைக்கத் தோன்றும். கெடுவது அங்கேதான்.

ஒரு தாய் தன் வீட்டு ரோமத்தோலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "ஏனுங்க சார், சுடுதண்ணியில சோடா உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊற வெச்சனுங்க. வெயில்ல காயப்போட்டா இப்படிப் பலகையாட்டம் ஆயிப்போச்சுங்க" என்றார். தொட்டுப் பார்த்தேன். பாதியாகச் சுருங்கியிருந்தது. மடக்கினால் அப்பளம் போல நொறுங்கியது. அந்தத் தோலை இனி யாராலும் மீட்க முடியாது. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டு விரிப்பைக் காப்பாற்றிவிடலாம்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

ரோமத்தோல் ஒரே பொருள் மாதிரி தெரியும். உண்மையில் அது இரண்டு பொருள். ரோமம் என்பது கெரட்டின் என்ற புரதம். நம் தலைமுடி, நகம் எல்லாம் அந்த ஜாதிதான். தோல் என்பது கொலாஜன் என்ற வேறொரு புரதம். இந்த இரண்டுக்கும் வெவ்வேறு குணம்.

ரோமத்தின் மேல், மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ரோமம் சடையாகத் திரண்டுவிடும். ஒருமுறை திரண்டால் பிரிக்க முடியாது. சலவை சோடா போன்ற காரம் ரோமத்தை அரிக்கும். பிளீச்சிங் பவுடர் ரோமத்தைக் கரைத்தே விடும். இக்காலத்துச் சலவைத்தூள் பலவற்றில் என்சைம் என்று ஒன்று சேர்க்கிறார்கள். அது புரதக் கறையைத் தின்று போக்குவதற்காகப் போடுவது. கறை எது, ரோமம் எது என்று அதற்குத் தெரியுமா? இரண்டும் புரதம்தான்.

இனி தோலைப் பாருங்கள். பச்சைத் தோலைத் தண்ணீரிலே கொதிக்க வைத்தால் என்ன ஆகும்? பசையாகிவிடும். தச்சர்கள் மரத்தை ஒட்டப் பயன்படுத்துகிற வச்சிரப் பசை இப்படித் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்ததுதான். கொதிக்கக்கூட வேண்டாம். ஈரமான பச்சைத் தோல் 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு சூட்டிலேயே சட்டென்று சுருங்கிவிடும். இப்படிச் சுருங்காமலும் அழுகாமலும் இருப்பதற்காகச் செய்வதுதான் பதனிடுதல். ஆகவே தோல் எவ்வளவு ஈரத்தையும் சூட்டையும் தாங்கும் என்பது, அதற்கு எந்தப் பதம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தப் பேச்சின் சாரமே இதுதான். ரோமத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரிப்பைத் திருப்பி, தோலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்தப் பதம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

விரிப்பின் ஓரத்தில், வெட்டுப்பட்ட இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே சாயம் பூசியிருந்தாலும் வெட்டு முகத்தில் உள் நிறம் தெரியும்.

முதலாவது, வெட்டு முகம் பழுப்பு நிறமாக இருந்தால் அது பட்டைப் பதம். ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது. 75 முதல் 85 டிகிரி வரை இது சுருங்காது. ஆனால் தண்ணீர் பட்ட இடம் கறுத்துக் கறையாகும், காய்ந்தால் விறைக்கும். இன்னொரு விஷயம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மை ஆகும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதே கதைதான் இங்கேயும். ஈரமான பட்டைத் தோலைத் துருப்பிடித்த கம்பியில் போட்டால் கறுப்புக் கறை விழும். அது போகாது.

இரண்டாவது, நீலமும் சாம்பலும் கலந்த நிறம், அல்லது லேசான பச்சை. இது குரோம் பதம். இது சுமார் 100 டிகிரி வரை தாங்கும். ஆனாலும் முழுக்க ஊற வைத்தால் தோலுக்குள் ஏற்றிய எண்ணெய் வெளியேறிவிடும். சுருங்காமல் போனாலும் விறைத்துப் போகும்.

மூன்றாவது, வெள்ளை வெளேரென்று இருந்தால் பெரும்பாலும் படிகாரப் பதம். வீட்டிலேயே உப்பும் படிகாரமும் தடவிப் பதப்படுத்துவது இந்த வகை. பார்க்க அழகு, தொட மெத்தென்று இருக்கும். ஆனால் படிகாரம் தோலோடு நிலையாகப் பிணைவதில்லை. தண்ணீரில் அலசினால் கரைந்து வந்துவிடும். படிகாரம் போனால் மீதி இருப்பது பச்சைத் தோல்தான். காயும்போது பலகையாகும், ஈரமாகவே கிடந்தால் அழுகும். என்னிடம் வந்த தோல் இந்த வகை.

நான்காவது, வெளிர் மஞ்சள் நிறம். குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தால் பதனிட்டது இப்படி இருக்கும். தண்ணீரையும் வியர்வையையும் நன்றாகத் தாங்குவது இதுதான். துவைக்கலாம் என்று துணிச் சீட்டு தைத்து விற்கிற விரிப்புகள் பல இந்த வகைதான்.

வெள்ளையா, மஞ்சளா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. தோல் பக்கத்து மூலையில் கட்டைவிரல் நகம் அளவு இடத்தைத் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். ஒரு நாள் நிழலில் விடுங்கள். காய்ந்த பிறகு அந்த இடம் விறைத்தாலோ, கறுத்தாலோ, சுருங்கினாலோ அந்த விரிப்பைத் தண்ணீரில் முக்கவே கூடாது. முன்போலவே மெத்தென்று வளைந்தால் ஓரளவு ஈரம் தாங்கும்.

நான் சொன்ன டிகிரிக் கணக்கெல்லாம் புதுத் தோலுக்கு. பல வருஷம் வெயிலும் வியர்வையும் பட்ட பழைய தோல் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கிவிடும். ஆகையால் எந்த விரிப்பானாலும், கை பொறுக்கிற சூட்டைவிடத் தாழ்ந்த, 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரே போதும்.

முதலில் தண்ணீரில்லாச் சுத்தம்

பத்து விரிப்பில் எட்டு விரிப்புக்குத் தண்ணீரே தேவைப்படாது. தூசி நீங்கினாலே பாதி அழுக்கும் வாடையும் போய்விடும்.

காற்றோட்டமான வெளியிடத்தில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு விரிப்பை உதறுங்கள். பிறகு ரோமம் கீழே தொங்கும்படி நைலான் கயிற்றுக் கொடியில் போட்டு, தோல் பக்கமாக மெல்லிய பிரம்பால் லேசாகத் தட்டுங்கள். மெத்தையை அடிப்பது போல அடிக்க வேண்டாம். அடுத்து, இடைவெளி அகலமான சீப்பால் சீவுங்கள். தலை சீவுகிற மாதிரிதான். நுனியிலே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்குப் போக வேண்டும். அடியிலே சீப்பைக் கொடுத்து இழுத்தால் ரோமம் வேரோடு வந்துவிடும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கார்ன்ஃப்ளவர் மாவைத் தூவி, விரலால் ரோமத்தின் அடிவரை தேய்த்துவிடுங்கள். நாலைந்து மணி நேரம் கழித்து உதறிச் சீவுங்கள். மாவு பிசுக்கை உறிஞ்சிக்கொண்டு வரும். மாவைத் துளிகூட மிச்சம் வைக்காதீர்கள், பூச்சி வரும். அரிசித் தவிடு வேண்டாம். அதிலேயே எண்ணெய் இருக்கிறது, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும்.

கறைக்குக் கறை வைத்தியம்

சேறு பட்டால் உடனே துடைக்காதீர்கள். காயவிட்டுப் பிறகு தட்டிச் சீவினால் உதிர்ந்துவிடும். நெய், எண்ணெய் சிந்தினால் மேலே சொன்ன மாவு. பால், ரத்தம், முட்டை பட்டால் பச்சைத் தண்ணீர்தான். சூடு பட்டால் அந்தக் கறை வெந்து ஒட்டிக்கொள்ளும். சிறுநீர் பட்டால் உடனே பழைய வேட்டித் துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். பிறகு நாலு பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து, துணியை அதிலே நனைத்து, ஒட்டப் பிழிந்து, ரோமத்தை மட்டும் துடையுங்கள். கடைசியாகப் பச்சைத் தண்ணீரில் பிழிந்த துணியால் ஒருமுறை துடையுங்கள்.

ரோமத்தை மட்டும் கழுவும் முறை

மொத்த விரிப்பும் மங்கிவிட்டது என்றால் நுரையால் துடைக்கலாம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஷாம்பு விடுங்கள். கையால் அடித்து நுரை எழுப்புங்கள். தண்ணீரைத் தொடாமல் நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்து, ரோமம் சாய்ந்திருக்கிற திசையிலேயே துடைத்துக்கொண்டு போங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து ஷாம்பை எடுத்துவிடுங்கள். ஈரம் ரோமத்தோடு நிற்க வேண்டும், தோலுக்கு இறங்கக் கூடாது.

பூந்திக்கொட்டை ஊற வைத்து வடிகட்டிய நீரும் நல்லது. பட்டையும் கம்பளியையும் அதிலே அலசுவது நம் வீட்டுப் பழக்கம்தானே. காரம் இல்லாதது. ஆனால் வெள்ளை ரோமத்தில் லேசாக நிறம் ஏற்றலாம். ஓரத்தில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். சீயக்காய்த் தூள் வேண்டாம். தூள் ரோமத்தின் அடியிலே தங்கிவிடும்.

துவைக்கலாம் என்று சீட்டு இருக்கிற விரிப்பை மட்டும் தொட்டியில் முக்கிக் கையால் அலசலாம். என்சைம் இல்லாத, கம்பளிக்கென்று விற்கிற சோப்புத் திரவம் போதும். அழுத்தி விடுங்கள்; முறுக்கிப் பிழியாதீர்கள். கனமான துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கும். சீட்டில் எழுதியிருப்பதற்கு மேல் சூடு வேண்டாம். டிரைகிளீனிங் கடையில் கொடுப்பதானால், தோல் பொருள் சுத்தம் செய்கிற அனுபவம் உண்டா என்று கேட்டுக் கொடுங்கள். துணிக்குப் பயன்படுத்தும் திரவம் தோலில் உள்ள எண்ணெயை இழுத்துவிடும்.

காய வைப்பதில்தான் பாதி வேலை

ஈரமான தோலை வெயிலிலோ, அடுப்பங்கரையிலோ, ஹீட்டர் பக்கத்திலோ காய வைக்கக் கூடாது. கயிற்றுக் கட்டில் ஒன்றை நிழலில் போட்டு, அதன்மேல் விரித்து விடுங்கள். மேலும் கீழும் காற்று போகும். முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து, நாலு பக்கமும் கையால் மெதுவாக இழுத்துவிடுங்கள். இப்படி இழுக்கும்போது தோல் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து நிற்கும். விரிப்பு மெத்தென்று இருக்கும். அசையாமல் காய்ந்தால் நார்கள் ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும். இரண்டு மூன்று தடவை இழுத்துவிடத் தோதான நாளாகப் பார்த்து இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, தோலுக்கென்று விற்கும் கிரீமைத் தோல் பக்கத்தில் மிக மெல்லிதாகத் தடவலாம். பூட்ஸ் பாலிஷ் வேண்டாம், தரையெல்லாம் ஒட்டும்.

மலைப்பகுதித் தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மூடுபனியும். அந்த நாளில் நனைத்தால் காயாது, பூசணம் பூக்கும். ஜனவரிக்குப் பிறகு வானம் தெளிந்த, வறண்ட நாட்களே ஏற்றவை.

பூச்சியும் ஓதமும்

ரோமத்தைத் தின்பது பறக்கிற அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. இருட்டும், அசையாத இடமும், வியர்வை படிந்த ரோமமும் அதற்குப் பிரியம். ஆகவே சுத்தம் செய்யாமல் பெட்டியில் வைக்காதீர்கள். மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் நாள்கணக்கில் வைத்தால் தோல் வேர்த்துப் பூசணம் வரும். மாதம் ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாட விடுங்கள். வேப்பிலை, நொச்சி வைப்பது வழக்கம். வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். புழு கண்டுவிட்டால், டீப் பிரீசர் வசதி உள்ளவர்கள் காய்ந்த விரிப்பைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். எடுத்த பிறகு பையோடு ஒரு நாள் வெளியே வைத்துவிட்டு அவிழுங்கள்.

வயலுக்கு அடிக்கிற மருந்து எதையும் விரிப்பில் தூவாதீர்கள். முன்பு பி.எச்.சி. தூளைத் தூவுகிற பழக்கம் இருந்தது. அந்த மருந்தே 1997-ல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பச்சிளம் குழந்தை உள்ள வீட்டில் நாப்தலின் உருண்டையும் வேண்டாம். பிறவியிலேயே ஒரு நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைத்து, கடுமையான காமாலையை உண்டாக்கக் கூடும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ரோமத்தோல்மேல் தூங்க வைப்பதும் நல்லதல்ல. முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

சிமெண்டுத் தரையில் விரிப்பவர்கள் அடியிலே ஒரு பாய் போடுங்கள். தரையின் ஓதம் தோலில் ஏறாது. வாரம் ஒருமுறை தூக்கி அடியைப் பாருங்கள்.

படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு

நீண்ட நாள் படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். அடர்ந்த ரோமமுள்ள நல்ல ரோமத்தோலை அடியில் விரித்தால் அந்தப் புண் வருவது குறைகிறது என்று ஆராய்ச்சிகளில் கண்டிருக்கிறார்கள். ரோமம் உடம்பின் பாரத்தைப் பரப்புகிறது, ஈரத்தை உறிஞ்சுகிறது, உராய்வைக் குறைக்கிறது. ஆனால் இதற்குப் படிகாரத் தோல் ஆகாது. அடிக்கடி நனையும், அடிக்கடி துவைக்க வேண்டும். துவைக்கத் தாங்கும்படி பதனிட்ட, மருத்துவ உபயோகத்துக்கென்று விற்கிற தோலாகப் பார்த்து இரண்டு வாங்குங்கள். ஒன்று காய்கிறபோது ஒன்று விரிக்கலாம். ரோமம் சடை பிடித்துக் கெட்டியானால் அந்த விரிப்பே புண்ணை உண்டாக்கும். அப்போது மாற்றிவிட வேண்டியதுதான். என்ன விரித்தாலும், இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது.

செத்த ஆட்டின் தோல் வேண்டாம்

கடைசியாக, எல்லாவற்றையும்விட முக்கியமானது. வீட்டிலே தோல் பதப்படுத்துகிறவர்கள், திடீரென்று செத்த ஆட்டின் தோலை எக்காரணம் கொண்டும் உரிக்கக் கூடாது. காலையில் நன்றாக மேய்ந்த ஆடு மாலையில் செத்துக் கிடக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வழிகிறது என்றால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் திறந்தால் கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணிலும் தோலிலும் ரோமத்திலும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். உப்புப் போட்டாலும் சாகாது. அந்தத் தோலைத் தட்டும்போதும் சீவும்போதும் எழும் தூசி மனிதனின் நுரையீரலுக்குள் போகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகர ஆலைகளில் கம்பளி ரோமம் பிரித்த தொழிலாளர்கள் பலர் இந்த நோயால் இறந்தார்கள். 2006-ல் அமெரிக்காவில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பதனிடாத ஆட்டுத் தோலில் மேளம் செய்த ஒருவர் இதே நோயால் படுத்து, சிகிச்சையால் பிழைத்தார்.

ஆகவே அப்படிச் செத்த ஆட்டைத் தொடாமல், நாயும் காக்கையும் அண்டாமல் காவல் வைத்து, உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் சொல்கிற முறையில் புதையுங்கள். நோய் கண்ட ஊர்களில் வருஷா வருஷம் மற்ற ஆடுகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத, பதனிடாத பச்சை ரோமத்தோலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

பெருமக்களே, உங்கள் வீட்டில் ரோமத்தோல் இருந்தால் இன்றைக்கே அதைத் திருப்பி, ஓரத்து வெட்டு முகத்தைப் பாருங்கள். பழுப்பா, நீலமா, வெள்ளையா, மஞ்சளா என்று தெரிந்துகொண்டு, தோலின் பின்பக்கத்திலேயே பேனாவால் குறித்து வையுங்கள். அடுத்த முறை அழுக்கேறும்போது வீட்டில் யார் எடுத்தாலும், தண்ணீரில் முக்கலாமா கூடாதா என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.